கருத்தையா வாங்காத போன்

புரட்டாசி பிறந்துவிட்டால் கரிசல்காட்டுச் சம்சாரிக்கு ஒரு வியாதி வந்துவிடும். எங்கே வரிசையைக் கண்டாலும் போய் நின்றுகொள்வான். எதுக்கு நிற்கிறோம் என்று விசாரிக்கிறதெல்லாம் பிறகு. விசாரித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் நாலு பேர் முன்னால் புகுந்துவிட்டால் டிஏபி மூட்டை யாருக்கு? மழைக்கு முந்தி விதைத்தாக வேண்டும், விதைக்க முந்தி உரம் வேண்டும், உரமோ வந்த அரைநாளில் காலி. ஆளே நிற்கணும் என்றும் கிடையாது. செருப்பைக் கழற்றிப் போடலாம், துண்டை விரித்து மேலே ஒரு கல்லை வைக்கலாம், காலிச் சாக்கை மடித்து வைக்கலாம். ஒருத்தன் கல்லை இன்னொருத்தன் நகர்த்த மாட்டான். கூடப் பிறந்தவனை நம்பாத ஆள்கூட வரிசைக் கல்லை நம்புவான்.

பசுவந்தனைப் பக்கத்துக் கருத்தையா அன்றைக்கு முதல் பஸ்ஸில் கோவில்பட்டி வந்து இறங்கினார். மெயின் ரோட்டில் உரக்கடைக்குப் போகிற வழியில் ஒரு வரிசை கிடந்தது. பை, செருப்பு, ஹெல்மெட், தண்ணீர் பாட்டில். மனுஷரை மட்டும் காணோம். எல்லாரும் எதிர்த்த டீக்கடையில். கடை ஷட்டர் இறங்கியிருந்தது, பெயர்ப்பலகையைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். 'உரக்கடைய இங்கன மாத்திட்டாக போல' என்று நினைத்து, கடைசியில் தன் சாக்கை மடித்துப் போட்டு அதன் மேலேயே குத்தவைத்துவிட்டார். போன வருஷம் சாக்கை வைத்துவிட்டு டீ குடிக்கப் போய் மூட்டையைக் கோட்டைவிட்டவர். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அடுத்தடுத்த பஸ்ஸில் வந்த சம்சாரிகள், கருத்தையாவே உட்கார்ந்திருக்கிறார் என்றால் உரம் வந்துவிட்டது என்று தீர்மானித்து, ஆளுக்கொரு கல்லையும் துண்டையும் அவருக்குப் பின்னால் போட்டுவிட்டு அவரவர் சோலியைப் பார்க்கப் போனார்கள். வரிசை வளைந்து பக்கத்துத் தெருவுக்குள் போய்விட்டது. மேலே வண்டு கணக்காக ஒரு ட்ரோன் ரீங்காரம் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் படம் எடுத்தது.

ஷட்டர் படாரென்று மேலே போனபோது அங்கே உயிருள்ள ஆள் கருத்தையா ஒருத்தர்தான். கோட்டுப் போட்ட ஒருவன் ஓடிவந்து, "வாங்க சார், நீங்கதான் முதல் வாடிக்கையாளர்!" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். ஒருத்தன் பொன்னாடை போர்த்தினான். ஒரு பெண் கேக்கை வாயில் திணித்தது. செண்டைமேளம் காதைப் பிளந்தது. "பெருவிரல வைங்க சார்" என்று ஒரு மிஷினை நீட்டினார்கள். உரத்துக்கும் ரேஷனுக்கும் விரல் வைத்து வைத்துப் பழகின கை, அவரைக் கேட்காமலேயே போய் வைத்துவிட்டது. படம் பிடித்தார்கள். உரக்கடையில் இவ்வளவு மரியாதையா என்று அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கேக்கை விழுங்கின பிறகுதான் வாயைத் திறக்க முடிந்தது.

"மூட்டைய எங்கன அடுக்கியிருக்கீங்க தம்பி?"

மேளம் நின்றுபோனது. விற்கிறது நிவோரா-9 என்ற புதுப் போன் என்பதும், இவரிடம் இருப்பது உரத்துக்கு முடிந்துவைத்த துட்டு என்பதும் தெரிய வந்ததும், பொன்னாடையை உருவிக்கொண்டு பின்வாசல் வழியாக அனுப்பிவிட்டார்கள். கடை முதலாளி அப்துல் ரவூப் நல்ல மனுஷர். பின்னாலேயே வந்து, "தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி. கம்பெனிக்காரங்க வந்து ஆடுத கூத்து. கடைதான் எனக்கு, இன்னைக்கு வாய் அவங்களுக்கு" என்று சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். டிஏபி அன்றைக்கு எந்தக் கடைக்கும் வரவே இல்லை.

மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்திலேயே கருத்தையா. பொன்னாடை, வாய் நிறைய கேக், முழி பிதுங்கின பார்வை. 'கரிசல் மண்ணில் நிவோரா வெள்ளம்! விற்பனையில் கோவில்பட்டி வட்டாரம் முதலிடம்!' கம்பெனி கணக்கு அப்படி. கல் ஒரு வாடிக்கையாளர், துண்டு ஒரு வாடிக்கையாளர், ஜோடிச் செருப்பு ரெண்டு வாடிக்கையாளர். டீக்கடை டீக்கடையாக ஊருக்கே பெருமை பிடிபடவில்லை. "பாத்தீரா, மெட்ராஸ்காரனே நமக்குப் பெறகுதான்!" என்று, பட்டன் போன் வைத்திருந்தவன்கூட மீசையை முறுக்கினான். அந்தப் பெருமை ஒரு வாரம் தாங்கியது.

பிறகு கருத்தையா ரேஷன் கடைக்குப் போனார். விரலை வைத்தார். மிஷின் கீ, கீ என்று கத்தியது. கடையில் நிறுத்துப் போடுகிற இசக்கிச்செல்விக்கு முகம் வெளிறிவிட்டது.

"மாமா, ஒங்க பேருல 'வளமையாளர்'னு வருது. அரிசி வராதாம்."

"வளமையா? எனக்கா? எப்பத்தா வந்துச்சு? எனக்குத் தெரியாதே!"

"அரிசி கார்டு ரத்துன்னு போட்டிருக்கு மாமா. புதுசா ஒரு ஆபீஸு தொறந்திருக்காக. அங்கன போய்க் கேளுங்க." அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "கோவத்துல கத்திராதீங்க. கத்துதவனுக்குத் தெம்பு இருக்குன்னு எழுதிக்கிடுதாகளாம்."

கருத்தையா விரலை வேட்டியில் துடைத்து மறுபடியும் வைத்துப் பார்த்தார்; மிஷின் மறுபடியும் கத்தியது. வீட்டில் அவரும் பெண்டாட்டி ஆறுமுகத்தாயும் ரெண்டு பொம்பளைப் பிள்ளைகளுமாக நாலு வயிறு. போன வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மக்காச்சோளம் முழங்கால் உயரத்தில் நின்று கருகிப்போனது. ரேஷன் அரிசி இல்லையென்றால் அடுப்பில் பூனைதான் தூங்கும். காலிப் பையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். ஆறுமுகத்தாய் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அன்னைக்கு அந்தக் கேக்கத் துப்பியிருக்கப்படாதா?" என்றாள்.

புது ஆபீஸின் பெயர் 'வளமை கண்டறிதல் தனி அலுவலகம்'. அதன் அதிகாரி மணிகண்டபிரபு மறுவாரமே ஊருக்குள் வந்துவிட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் மைக் கட்டி, ஊரையே கூட்டி உட்காரவைத்தார்கள். அதிகாரி அதிர்ந்து பேசாதவர். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"அன்பான மக்களே, இந்த அலுவலகத்துக்கு ஏழைகள் மேல் அளவு கடந்த அன்பு உண்டு. அந்த அன்பு தவறான ஆட்களுக்குப் போய்விடக் கூடாது. அதனால், உண்மையான ஏழை யார் என்று தெரிகிற வரைக்கும், அதை யாருக்கும் கொடுக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறோம். மழை பெய்யவில்லை என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போன் விற்றிருக்கிறதே? போன் விற்ற இடத்தில் இருப்பது வறட்சி அல்ல. வறட்சியைப் போன்ற ஒரு தோற்றம். பசிக்கிறது என்கிறீர்கள். பசி என்பது ஓர் உணர்வு. விற்பனை என்பது புள்ளிவிவரம். அலுவலகம் உணர்ச்சிவசப்பட முடியாது."

யாரோ ஒருவர் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையில் கிள்ளினார்.

"இந்த ஊரில் யாரிடம் நிவோரா இருக்கிறது?" என்றார் அதிகாரி.

ஒரு கைகூட உயரவில்லை. உள்ளதைச் சொன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் தவணையில் வாங்கியிருந்தார்கள். ஆயுதபூஜை அன்றைக்கு அரிவாள், மண்வெட்டியோடு அதையும் வரிசையாக வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பொரிகடலை படைத்துக் கும்பிட்டும் இருந்தார்கள். இப்போது எல்லாரும் மண்ணைப் பார்த்தார்கள்.

"நல்லது" என்று சிரித்த அதிகாரி, கூட வந்தவர்களைப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் ஒரே நேரத்தில், நிவோரா வாங்கினவர்களின் நம்பர்களை அழுத்தினார்கள்.

முதலில் தெற்குத் தெரு வைக்கோற்படப்பு பாடியது. அப்புறம் ஒரு உரல். கோழிக்கூட்டுக்குள்ளிருந்து ஒன்று கூவ, கோழிகள் இறக்கையை அடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தன. காளியம்மன் கோயில் உண்டியலுக்குள்ளிருந்து மூன்று ஒரே சுருதியில் கேட்டன. எல்லாம் ஒரே மெட்டு, கம்பெனி கொடுத்த மெட்டு. ஊர் நாய்கள் ஒன்று பாக்கி இல்லாமல் ஊளையிட்டன. ஜனங்கள் உட்கார்ந்த இடத்தில் அப்படியே குறுகிப்போனார்கள். கடைசியாக ஒன்று கருத்தையாவின் ஆட்டுத் தொழுவத்துக் கூரையிலிருந்து பாடியதும் அவர் துள்ளி எழுந்தார்.

"சாமி சத்தியமா எனக்குத் தெரியாது சார்!"

பக்கத்து வீட்டுச் சோலைராஜ் அழுதுகொண்டே எழுந்தான். "என்னுதுதான் சார். அண்ணாச்சி வீட்டுக் கூரையில சொருகி வச்சேன். ஏற்கெனவே மாட்டுனவரு வீட்டுல யாரு தேடப்போறான்னு நெனைச்சேன்."

அதிகாரி ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "போன் அவருடையது. பாதுகாத்தது நீங்கள். ஆக, அடுத்தவர் பொருளைப் பாதுகாத்துக் கொடுக்கிற அளவுக்கு உங்களுக்கு இட வசதி இருக்கிறது. குறித்துக்கொள்ளுங்கள்." கூட வந்தவர் குறித்துக்கொண்டார். கருத்தையா பேச வாயெடுத்தார். இதையும் குறித்துக்கொள்வார்களோ என்று மூடிக்கொண்டார்.

பிறகு அதிகாரி ஒரு வழி சொன்னார். பயப்பட வேண்டாம், அலுவலகம் கருணை உள்ளது. போனை ஒப்படைப்பு முகாமில் கொண்டுவந்து கொடுத்துவிட்டால் 'உடைமையற்றவர்' என்று சான்று கிடைக்கும். அரிசி கார்டு மறுபடியும் வரும். ஜனங்கள் கும்பிட்டார்கள். சோலைராஜ் அப்போதே, சந்தனப் பொட்டு அழியாத போனைக் கொடுத்துச் சான்று வாங்கிவிட்டான். பாக்கித் தவணையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் போதும் என்றார்கள். உண்டியலில் போட்டவர்கள்தான் பாவம், கோயில் சொத்தை எடுக்க அறநிலையத்துறையில் அனுமதி கேட்டு அலைந்தார்கள்.

கருத்தையா கோவில்பட்டி ஆபீஸுக்குப் போய்க் கைகட்டி நின்றார்.

"சார், நானும் சான்று வாங்கணும்."

"போனைக் கொடுங்கள்."

"எங்கிட்டதான் போனே இல்லையே சார். நான் வாங்கவே இல்ல."

மணிகண்டபிரபு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பெரியவரே, போன் உள்ளவர் அதை ஒப்படைத்தால் இல்லாதவர் ஆகிறார். நீங்கள் இல்லாதவர். எதை ஒப்படைத்து இல்லாதவர் ஆவீர்கள்?"

"இப்பவே இல்லாதவன்தான சார்?"

"அது உங்கள் கருத்து. அலுவலகத்தின் கருத்துப்படி நீங்கள் முதல் வாடிக்கையாளர். உங்கள் பெருவிரல் வாங்கியிருக்கிறது. வாய் பொய் சொல்லும், விரல் சொல்லாது. ஒப்படைக்காதவரெல்லாம் இன்னும் வைத்திருப்பவர் என்பதுதான் விதி. கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள்."

கருத்தையா நிதானமாக யோசித்துப் பார்த்தார். அதிகாரி சொல்வது சரியாக இருக்கிற மாதிரியே தோன்றியது. அவருக்கு வேர்த்துவிட்டது. உண்மையாகவே எங்கேயாவது வாங்கி வைத்துவிட்டு மறந்துபோனோமோ என்று, பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் இடுப்பு வேட்டியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ரவூப் பாயிடம் போய்த் தன் பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்தார். பாய் கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டி உதட்டைப் பிதுக்கினார். "விக்கிறதுக்கு இதுல எல்லா வழியும் இருக்கு அண்ணாச்சி. வாங்கலன்னு சொல்லத்தான் வழியே வைக்கல."

அன்றைக்கு வீட்டில் அரிசிப் பானையைக் கவிழ்த்துத் தட்டியாகிவிட்டது. பிள்ளைகள் ரெண்டும் மத்தியானம் பள்ளிக்கூடத்துச் சோற்றோடு சரி. ஆறுமுகத்தாய் பானையை ஓரமாக வைத்தாள். பிறகு தொழுவத்துப் பக்கம் பார்த்தபடி, "ஆட்ட வித்துருவோம்" என்றாள்.

"ஏட்டி, இருக்கதே அதுகதான். குட்டி போட்ட ஆடுகட்டி."

"ஒண்ண வாங்கி அவிய மூஞ்சியில எறிஞ்சிட்டு வாங்க. ஆடு பொறவும் வரும். பிள்ளைக வயிறு கேக்குமா?" அவள் ஆட்டுக் கயிற்றை எடுத்து அவர் மடியில் போட்டாள். "வெரசாப் போங்க. எனக்குப் பயமா இருக்கு. அடுத்து இந்த ஆட்டையும் வசதின்னு எழுதிருவாக."

சனிக்கிழமை எட்டயபுரம் ஆட்டுச் சந்தைக்குப் போனால், அடேயப்பா, நிற்க இடமில்லை. இடைசெவல், கழுகுமலை என்று அத்தனை ஊர் ஜனமும் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. எல்லாரும் கருத்தையா ஜாதிதான்: போன் வாங்காமல் மாட்டிக்கொண்டவர்கள், கல்லைப் போட்டுவிட்டுப் போனவர்கள். ட்ரோன் படத்தைப் பெரிசாக்கி, துண்டின் கரையை வைத்தும் செருப்பின் வாரை வைத்தும் ஆளைக் கண்டுபிடித்திருந்தார்களாம். விற்கிறவன் கூட்டம், வாங்குகிறவன் நாலே பேர். தாயாடு ரெண்டையும் கிடாயையும் குட்டிகளையும் மொத்தமாகக் கொடுத்தும், கோழி விலைதான் கிடைத்தது. குட்டி ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்துக் கத்தியது. கருத்தையா துட்டை எண்ணாமல் மடியில் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். நின்றிருந்தால் அழுதிருப்பார்.

'எட்டயபுரம் சந்தையில் வரலாறு காணாத ஆடு வரத்து; வளமையின் அடுத்த அடையாளம்' என்று வளமை அலுவலகம் அறிக்கை விட்டது.

போன் கடையில் இந்தத் தடவை கல்லும் இல்லை, துண்டும் இல்லை. எல்லாரும் ஆளாகவே நின்றார்கள். எவனும் எவனோடும் பேசவில்லை. செண்டைமேளக்காரர்கள் மட்டும் வாங்கின காசுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். கருத்தையா முறை வந்து, ஆட்டுத் துட்டை முன்பணமாகக் கட்டி, மீதிக்குத் தவணை எழுதிக் கொடுத்து, பெட்டியை வாங்கித் திறந்து பார்த்தால், போனின் மூலையில் காய்ந்த சந்தனப் பொட்டு.

"பாய், இது நம்ம சோலைராஜ் போனுல்லா?"

ரவூப் பாய் வாயில் விரலை வைத்தார். "மெதுவா அண்ணாச்சி. ஒப்படைச்ச போன ஆபீஸுல ஏலம் விடுதாக. கம்பெனி எடுத்து எனக்கு அனுப்புது. நான் விக்கேன், நீங்க ஒப்படைக்கீங்க, திரும்ப ஏலம். பத்து போனு இருந்தாப் போதும், ஊரு பூராவும் வித்துரலாம்." அவர் பில்லைக் கிழித்து நீட்டினார். "இத்தனை வித்தியேன்னு என்னையும் வளமையில போட்டுட்டாக. நானும் நாளைக்கு ஒண்ண ஒப்படைக்கணும்."

முகாமில் மணிகண்டபிரபு முகம் மலர்ந்து வரவேற்றார். "பார்த்தீர்களா! இல்லை இல்லை என்றீர்கள், இருந்திருக்கிறது. அலுவலகம் என்றைக்கும் தப்பாகச் சொல்வதில்லை." போனை வாங்கி ஒரு சாக்குக்குள் போட்டார். உரச் சாக்கு அது. பிறகு சான்றை எடுத்துச் சத்தமாக வாசித்தார். "இன்னார் மகன் கருத்தையா என்பவருக்குப் போனோ, ஆடு மாடோ, வேறு எந்த அசையும் பொருளோ கிடையாது. இது உண்மைதானே?"

கருத்தையா சாக்குக்குள் போன போனைப் பார்த்தார்.

"இப்ப உண்மைதான் சார்."

"அதற்குத்தான் இவ்வளவு பாடுபட்டோம்" என்றார் அதிகாரி, நிஜமான சந்தோஷத்தோடு. "இன்னொரு விஷயம். எந்த நேரத்திலும் வீட்டுக்கு வந்து சோதிப்போம். ஏழைகள் திடீரென்று மாறிவிடுகிறார்கள். நாங்கள் வரும்போது வீட்டில் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

அன்றைக்கே ரேஷன் கடையில் விரல் வைத்தார், மிஷின் கத்தவில்லை. இசக்கிச்செல்வி நிறுத்துப் போட்டாள். சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு வருகிற வழியில், எதிரே ஒரு ஜீப்பின் சத்தம் கேட்டதும் ஓடைக்குள் இறங்கிக் கருவேலம் புதரில் பதுங்கிக்கொண்டார். தண்ணி வண்டிதான் அது. இருந்தாலும் அது போய்த் தூசி அடங்குகிற வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் ஆறுமுகத்தாய் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். சாக்கைப் பிரித்துப் பார்த்தவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், அவளுக்கு முகம் செத்துவிட்டது.

"இம்புட்டு அரிசியா? இத எங்கன வைக்க? வந்து பாத்தா, மூட்டை வச்சிருக்கான்னு எழுதிருவாகளே!"

"அவியதான குடுத்தாக."

"போனும் அவிய ஆளு குடுத்ததுதான்!"

புருஷனும் பெண்டாட்டியுமாக அரிசியைப் பிரித்துக் கொஞ்சம் அடுப்புச் சாம்பலுக்கடியில் பானையில் வைத்தார்கள், கொஞ்சம் தலையணைக்குள் தைத்தார்கள், மீதியைக் காலித் தொழுவத்தில் குழி தோண்டி வைத்து மேலே ஆட்டுப் புழுக்கையை அள்ளிப் போட்டார்கள். ஒரே ஒரு படி அரிசியை மட்டும் உலையில் போட்டார்கள். பிள்ளைகள் ரெண்டும் பள்ளிக்கூடத்து லீவில் வீட்டில் இருந்தன. உலை மூடியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. அரிசி கொதிக்கத் தொடங்கியது.

கதவை யாரோ தட்டினார்கள்.

ஆறுமுகத்தாய் குடத்துத் தண்ணீரை எடுத்துச் சடாரென்று அடுப்பில் ஊற்றினாள். குப்பென்று புகை கிளம்பி வீடெல்லாம் நிறைந்தது. சின்னவளுக்கு இருமல் வர, பெரியவள் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கருத்தையா வேட்டியை இறுக்கிக் கட்டி, சான்றைக் கையில் எடுத்துக்கொண்டு கதவை ஒரு விரற்கடை திறந்தார்.

வெளியே சோலைராஜ் பெண்டாட்டி முத்துமாரியம்மாள் நின்றாள். அவளும் தெருவின் ரெண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"அண்ணாச்சி," என்றாள் கிசுகிசுப்பாக, "சோத்து வாசம் தெரு வரைக்கும் வருது. சன்னலச் சாத்துங்க, ஒங்க புண்ணியத்துல நாங்களும் மாட்டிக்கிடுவோம்."

கருத்தையா சன்னலைச் சாத்தினார். அடுப்பு நனைந்துபோனதால் மறுபடியும் பற்றவில்லை. பற்றவைக்கவும் யாருக்கும் தைரியம் இல்லை. நாலு பேரும் இருட்டில் வட்டமாக உட்கார்ந்து, அந்தப் பாதி வெந்த நறுக்கரிசிச் சோற்றை, கடிபடுகிற சத்தம் வெளியே கேட்டுவிடாமல், ஒவ்வொரு பருக்கையாக நாக்கில் ஊறவைத்து விழுங்கினார்கள்.